மதுரை இரவு ரயிலும் சென்னை காலை விமானமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கணவன், மனைவி, 8 வயது மகள். மூவரும் சிங்கப்பூரில் வசிப்பவர்கள். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு மதுரைக்கு வந்திருந்தார்கள். திரும்பிப் போகும்போது மனைவியின் அம்மாவையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல். மூட்டுவலி உண்டு, படி ஏறி இறங்கச் சிரமப்படுவார்.

நான் தாம்பரத்தில் டிக்கெட், விசா வேலை பார்ப்பவன். அந்த அம்மாவின் தம்பி மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். அவர் மூலமாகத்தான் அம்மாவின் சிங்கப்பூர் விசா வேலை என்னிடம் வந்தது. விமான டிக்கெட்டையும் ரயில் டிக்கெட்டையும் அவர்களே இணையத்தில் எடுத்திருந்தார்கள். வழியில் சிக்கல் வந்தபோது என்னைக் கூப்பிட்டதால் அன்று காலை நடந்தது முழுக்க எனக்குத் தெரியும். அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை 9:45-க்குச் சென்னையிலிருந்து விமானம். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை மதுரையில் மனைவியின் அப்பாவுக்குத் தலைத்திவசம். அதை மாற்ற முடியாது. அதனால் ஞாயிறு இரவு ரயிலில் ஏறி, திங்கள் விடியலில் எழும்பூரில் இறங்கி, மாம்பலத்தில் மாமா வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போவது என்று திட்டம். வந்த புதிதில் தி.நகரில் வாங்கிய துணிமணி, பாத்திரமெல்லாம் 3 பெட்டிகளில் மாமா வீட்டிலேயே இருந்தன. ரயிலில் அவர்களிடம் 2 பெட்டிகளும் கைப்பைகளும்தான்.

மதுரைக்காரர்கள் ஏன் சென்னைக்கு வர வேண்டும், திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் டிசம்பர் கடைசியில் நான்கு இருக்கை ஒரே விமானத்தில், கட்டுப்படியாகும் விலையில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சென்னைக்கு மாதக்கணக்கில் முன்பே எடுத்த போக-வர டிக்கெட் கையில் இருந்தது.

அவர்கள் போட்டிருந்த கணக்கு

ரயில் எழும்பூருக்கு வர வேண்டிய நேரம் 5:35. விமானம் 9:45. நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, போதும் என்று நினைத்திருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

விமானம் கிளம்பும் நேரம் பயணிக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு முக்கியம், பெட்டிகளைக் கொடுத்து போர்டிங் பாஸ் வாங்கும் கவுன்ட்டர் மூடும் நேரம். இவர்கள் டிக்கெட்டில் அது புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு, அதாவது 8:45. காரிலிருந்து இறங்கி, வாசலில் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் காட்டி உள்ளே போய், வரிசையில் நின்று கவுன்ட்டரைத் தொட, விடுமுறைக் காலத்தில் முக்கால் மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். ஆக 8 மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். எழும்பூரிலிருந்து நேராக வந்தாலே, நடைமேடையைவிட்டு வெளியே வர 15 நிமிடம், காரில் 45 நிமிடம். அப்படியானால் ரயில் எழும்பூருக்கு வரக் கடைசி நேரம் 7 மணி. ரயில் தாமதமானால் சமாளிக்க இவர்கள் திட்டத்தில் இருந்த இடம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அதிலும் மாமா வீட்டுக் குளியலையும் இட்லியையும் சேர்த்தால் மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். நாலு மணி நேரம் என்று நினைத்தது எங்கே போனது என்று கேட்டால், கவுன்ட்டருக்கு ஒரு மணி, வரிசைக்கு முக்கால் மணி, சாலைக்கு ஒரு மணி என்று அது முன்பே கரைந்திருந்தது.

ஒன்றரை மணி நேரத் தாமதம் இந்தத் தடத்தில் அபூர்வம் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து வரும் இரவு ரயில்கள் பலவும் விழுப்புரம், செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக விடியற்காலையில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வருகின்றன. முன்னால் போகிற ஒன்று நின்றால் பின்னால் வருகிறவை எல்லாம் நிற்கும். மழைக்காலம் என்றால் இன்னும் மோசம். 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியபோது, இந்தத் தடத்தில் பல ரயில்கள் ரத்தாகின, பல ரயில்கள் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன.

இரவில் நடந்தது

மதுரையில் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. திருச்சி வரைக்கும் தாமதம் இல்லை. கணவர் 4:15-க்கு அலாரம் வைத்திருந்தார். எழுந்து பார்த்தால் ரயில் நின்றுகொண்டிருக்கிறது. போன் வரைபடத்தில் பார்த்தால் இன்னும் விழுப்புரமே வரவில்லை. டிக்கெட் பரிசோதகரைத் தேடிப்பிடித்துக் கேட்டதில், விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் சிக்னல் கோளாறு, முன்னால் 2 வண்டிகள் காத்திருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். விழுப்புரத்தைவிட்டுக் கிளம்பும்போது மணி 4:55. அட்டவணைப்படி 3 மணிக்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும்.

5:05-க்கு எனக்குப் போன் வந்தது. “அண்ணே, ஆப்ல எழும்பூர் ஒன்றே முக்கால் மணி நேரம் லேட்டுன்னுதான் காட்டுது. சமாளிச்சிடலாமா?” என்று கேட்டார்.

தாம்பரத்துக்கு எவ்வளவு தாமதம் காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன். சுமார் 2 மணி நேரம் காட்டியது. ஒரே ரயில்தான், ஆனால் கடைசி நிலையத்தில் தாமதம் குறைந்து தெரிகிறது. ரயில் அட்டவணையில் கடைசித் துண்டுக்குக் கொஞ்சம் தாராளமாக நேரம் ஒதுக்குவார்கள். தாம்பரத்திலிருந்து எழும்பூர் சுமார் 25 கிலோமீட்டர். இந்த ரயிலுக்கு அதற்கு 40 நிமிடம் கொடுத்திருந்தார்கள். வழியில் தாமதமான ரயில் அந்தத் துண்டில் நேரத்தைப் பிடித்துவிடும். எழும்பூர் வரை போகிறவருக்கு அது லாபம். விமான நிலையம் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே போகிறவருக்கோ தாம்பரத்தின் நேரம்தான் கணக்கு.

எங்கே இறங்குவது

மூன்று வழிகள் இருந்தன. செங்கல்பட்டில் இறங்கிக் கார் பிடிப்பது, தாம்பரத்தில் இறங்குவது, டிக்கெட்டில் உள்ளபடி எழும்பூர் வரை போவது.

எழும்பூரை உடனே விட்டுவிட்டோம். விமான நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவதில் அர்த்தமில்லை. திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேரெதிரே இருந்தாலும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் அங்கே நிற்பதில்லை. எழும்பூர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் இறங்கத் தடையில்லை, மீதித் தூரத்துக்குப் பணம் திரும்ப வராது, அவ்வளவுதான்.

செங்கல்பட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தோம். அங்கிருந்து விமான நிலையம் சாலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். ஞாயிறு ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திங்கள் விடியலில் திரும்பி வரும் நேரம். பரனூர் சுங்கச்சாவடியிலும், கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தின் முன்னும், பெருங்களத்தூரிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயில் ஓடினால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் அரை மணி நேரம்தான். எனவே தாம்பரம் என்று முடிவு செய்தோம். செங்கல்பட்டில் ரயில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால் மட்டும் இறங்கிவிட வேண்டும், அங்கிருந்து திரிசூலத்துக்குப் புறநகர் மின்சார ரயில் இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலா காரா என்பதும் எழுந்தது. மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்து திரிசூலம். கால் மணி நேரப் பயணம், சாலை நெரிசலும் கிடையாது. தனி ஆள் என்றால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் காலை நேரக் கூட்டத்தில் பெட்டிகளோடு அந்த அம்மாவை ஏற்றி, திரிசூலத்தில் மறுபடி படியிறங்கி ஏறச் சொல்வது சரியில்லை. காருக்கு ஏற்பாடு செய்தேன். எனக்குப் பழக்கமான ஓட்டுநர் ஒருவரை ஜி.எஸ்.டி. சாலைப் பக்க வாசலில் வந்து நிற்கச் சொன்னேன்.

கணவர் மட்டும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் முன்னால் ஓடிவிடலாமா என்று கேட்டார். பதற்றத்தில் பலருக்கும் தோன்றும் யோசனை இது. பயணி நேரில் இல்லாமல் கவுன்ட்டரில் அவரை ஏற்க மாட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் மற்ற மூவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும் என்று அதை விட்டோம்.

மாம்பலத்துப் பெட்டிகள்

மாமாவிடம் 5:20-க்குப் பேசினேன். 3 பெட்டிகளையும் அவரே காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுவருவது என்று ஏற்பாடு. “மாப்பிள்ளைய ஒண்ணும் பதற வேண்டாம்னு சொல்லுங்க, நான் முன்னாடியே போயி நிக்கிறேன்” என்றார். புறப்பாட்டு வாசலில் காரை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். டிக்கெட் இல்லாமல் உள்ளேயும் போக முடியாது. அதனால் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் காத்திருந்து, இவர்கள் பல்லாவரம் தாண்டியதும் பெட்டிகளோடு வாசலுக்கு வர வேண்டும் என்று சொல்லிவைத்தேன். 6:15-க்கு அவர் வீட்டிலிருந்து கிளம்பினார்.

6:45-க்குள் எடுக்க வேண்டிய முடிவு

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

அவர்கள் டிக்கெட்டின் விதிகளை வாங்கிப் படித்தேன். பயணத்தை வேறு விமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் உண்டு. ஆனால் புறப்பாட்டுக்கு 3 மணி நேரம் முன்பு வரைதான். அதாவது 6:45. அதற்குப் பிறகு மாற்ற முடியாது. விமானத்தைத் தவறவிட்டால் ‘வராத பயணி’ என்ற கணக்கில் போய்விடும். வரிகள், விமான நிலையக் கட்டணங்கள் போன்ற சிறு தொகைதான் திரும்ப வரும். டிக்கெட் பணம் போனது போனதுதான். புது டிக்கெட் அன்றைய விலைக்கு வாங்க வேண்டும்.

6:20-க்கு ரயில் மதுராந்தகத்துக்கு அருகில் மறுபடி நின்றது. பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. மகள் எழுந்து, “எப்பப்பா ஏர்போர்ட் வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தது போனிலேயே கேட்டது. அந்த இடத்திலிருந்து தாம்பரம் 55 கிலோமீட்டர். அந்த நிமிடமே கிளம்பினால் 7:15-க்குத் தாம்பரம். லிஃப்டில் அம்மாவை இறக்கிக் காரில் ஏற 20 நிமிடம், திங்கட்கிழமை காலை ஜி.எஸ்.டி. சாலையில் 40 நிமிடம். எதுவும் தப்பாகப் போகாவிட்டால் 8:15-க்கு வாசல். கவுன்ட்டர் மூட அரை மணி நேரம் இருக்கும். இன்னொரு சிக்னலில் நின்றால் அதுவும் இருக்காது.

விமானமே தாமதமாகலாம் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. அதையும் பார்த்தேன். இவர்களை ஏற்றிப் போக வேண்டிய விமானம் சிங்கப்பூரிலிருந்து நேரத்துக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

அன்று இரவு 11:10 விமானத்தில் 5 இருக்கைகள் காட்டியது. நான்கு பேருக்கும் மாற்றக் கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்த்து 38,000 ரூபாய்க்குச் சற்று மேல். தவறவிட்டுப் புது டிக்கெட் வாங்கினால் அன்றைய விலையில் 90,000 ரூபாயைத் தாண்டும். அப்போதும் ஒரே விமானத்தில் நான்கு இடம் கிடைக்குமா என்பது தெரியாது.

மூன்று விஷயங்களைச் சொன்னேன். ரயில் எப்போது நகரும் என்பது நம் கையில் இல்லை. நாம் தனி ஆள் இல்லை, வேகமாக நடக்க முடியாத ஒருவர் கூட இருக்கிறார், பெட்டிகள் இரண்டு இடத்திலிருந்து வந்து சேர வேண்டும். காத்திருந்து பார்த்து 6:50-க்கு முடிவெடுக்கலாம் என்றால் அந்த நேரத்தில் இந்த வழி மூடியிருக்கும். முடிவு அவர்களுடையது. கணவர் ஏறிவிடலாம் என்ற பக்கம் இருந்தார். மனைவிதான், “அம்மாவ வச்சுக்கிட்டு ஓட முடியாதுங்க, மாத்திருங்க” என்றார். 6:38-க்கு மாற்றினோம்.

அதற்குப் பிறகு

மாமாவைக் கூப்பிட்டுத் திரும்பிப் போகச் சொன்னேன். அவர் அப்போது கத்திப்பாராவைத் தாண்டியிருந்தார்.

ரயில் 6:40-க்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு ஓரிடத்தில்தான் நின்றது. தாம்பரத்தில் 7:36. நான் நடைமேடைக்கே போயிருந்தேன். லிஃப்டுக்கு முன்னால் நீண்ட வரிசை. அம்மா படியில் ஏறிவிடுகிறேன் என்றார், விடவில்லை. காரில் ஏறும்போது 7:58. அதே கார் அவர்களை மாம்பலத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் விமான நிலையத்தைக் கடந்தபோது 8:29 என்று ஓட்டுநர் சொன்னார். விமானம் 9:45-க்குச் சரியாகக் கிளம்பியது.

மாமா வீட்டில் பெட்டிகளைத் திறந்து எடை பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒரு பெட்டி அனுமதித்த எடையைவிட 4 கிலோ கூடுதல். இன்னொன்றில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், தி.நகரில் பரிசளிக்க வாங்கிய பவர் பேங்க் டப்பாவோடு இருந்தது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போகக்கூடாது.

விமானம் மாறியதால் வேறு வேலைகளும் வந்தன. சிங்கப்பூருக்குள் நுழையும் நாள் திங்களிலிருந்து செவ்வாயாகிவிட்டது. அதனால் முன்பே நிரப்பியிருந்த சிங்கப்பூர் வருகை அட்டையில் தேதியையும் விமான எண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கேட்டிருந்த சக்கர நாற்காலி புது முன்பதிவில் வரவில்லை. நல்லவேளையாக மதியமே சரிபார்த்து மறுபடி சேர்த்தோம். டிக்கெட்டை மாற்றும்போது இப்படிப்பட்ட கோரிக்கைகள் தானாகக் கூட வரும் என்று நம்பக்கூடாது.

ரயில் தாமதத்துக்குப் பணம் கிடைக்குமா என்று கணவர் கேட்டார். ஏறும் நிலையத்துக்கு ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, பயணமும் செய்யாவிட்டால்தான் முழுப் பணம் திரும்ப வரும். ஒரு ரயில் தாமதத்தால் அடுத்த ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு, இரண்டு பயணச் சீட்டையும் இணைத்துப் பதிவு செய்திருந்தால் விதி இருக்கிறது. ரயிலிலிருந்து விமானத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. இவை இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு தனி ஒப்பந்தங்கள்.

இரவு 7:45-க்கே விமான நிலையத்தில் இருந்தார்கள். செவ்வாய் காலை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். கணவர் அரை நாள் விடுப்பு எடுத்தார்.

ஏறியிருக்க முடியுமா

கணவர் மனதில் இந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. 8:29-க்கு வாசல் என்றால் கவுன்ட்டர் மூட 16 நிமிடம். வாசல் வரிசை, மாமா கொண்டுவரும் பெட்டிகள், 4 கிலோ கூடுதல் எடை, புடவைக்கு அடியில் பவர் பேங்க். என் கணிப்பில் ஏறியிருக்க முடியாது. ஆனால் அதைவிட முக்கியமானது வேறு. ரயில் 20 நிமிடம் முன்னால் வந்திருந்து, ஏறியிருக்க வாய்ப்பு இருந்திருந்தாலும் 6:38-க்கு எடுத்த முடிவு சரியானதுதான் என்பேன். அந்த நேரத்தில் கையில் இருந்த தகவல் அவ்வளவுதான். 38,000 ரூபாய் பெரிய பணம், அந்த வருத்தம் நியாயமானது. இதைக் கண்முன் பார்த்த பிறகு எனக்கே மனது கனத்தது. ஆனாலும் அது முடிவின் விலை இல்லை, ஞாயிறு இரவு ரயிலின் விலை.

அடுத்த முறை எதை மாற்றுவது

ஞாயிறு மதியமே ஒரு வழி இருந்தது. மதுரையிலிருந்து பிற்பகல் 3 மணிக்கு தேஜஸ் எக்ஸ்பிரஸ். வியாழன் தவிர மற்ற நாட்களில் ஓடுகிறது, இரவு 9 மணிக்கு மேல் எழும்பூர் வந்துவிடும். தலைத்திவசச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பியிருந்தால் இரவு மாமா வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம். பெட்டிகளை அங்கேயே எடை போட்டிருக்கலாம். ரயில் 3 மணி நேரம் தாமதமாகியிருந்தால்கூட தூக்கம்தான் கெட்டிருக்கும். இரவு ரயில் ஒரு பகலை மிச்சப்படுத்துகிறது என்று எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். வெளிநாட்டு விமானம் பிடிக்கிற நாளில் அந்த மிச்சம் வேண்டாம்.

வேறு வழியே இல்லாமல் இரவு ரயிலில்தான் வர வேண்டும் என்றால், என்னிடம் வருகிறவர்களுக்கு அன்று மதியம் 1 மணிக்கு முன் கிளம்பும் வெளிநாட்டு விமானத்தைப் போடுவதில்லை. கேட்டாலும் மறுக்கிறேன். டிக்கெட்டை மாற்றக் கடைசி நேரம் எது என்பதை டிக்கெட்டின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். ரயிலில் விழித்திருக்க வேண்டிய நேரம் அதை வைத்துத்தான் தெரியும். இவர் விழுப்புரம் வரும் நேரத்துக்கு, அதாவது 2:45-க்கு அலாரம் வைத்திருந்தால் யோசிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடைத்திருக்கும். மதிய விமானம் ஏதாவது கிடைத்திருக்கவும் கூடும்.

பெட்டிகளை இரண்டு வீட்டில் பிரித்து வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமா போன்ற ஒருவர் எல்லோருக்கும் இருக்கமாட்டார்.

அம்மாவை மார்ச்சில் திரும்ப அழைத்துவர டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூர்–திருச்சி பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து மதுரைக்குக் காரில் வந்துவிடலாம்.